ஓவன் பின்னால் தொங்கிய எலுமிச்சம்பழம்

என் கண்ணு சுமதி,

கள்ளக்குறிச்சியைத் தனி மாவட்டமாக்கிக் கடைத்தெருவில் பட்டாசு வெடித்தார்களே, அது ஒரு மழைக்காலம். ஊரே முகக்கவசம் மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் அடைந்தது அடுத்து வந்த வெயிலில். நடுவில் ஒரு தை மாதம். அந்தத் தையில்தான் உன் கையைக் குறித்து அந்த வார்த்தையைச் சொன்னார்கள். எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் கேட்ட வார்த்தை ஒன்றுகூட எனக்குள் அழியவில்லை.

நான் சொல்லச் சொல்ல எதிர்வீட்டு அங்கன்வாடி டீச்சர் எழுதுகிறாள். இதை அச்சடித்துச் சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டில் கொடுக்கப் போகிறேன். உனக்கு முன்னால் ஊர் படிக்கட்டும். "உங்க பொண்ணோட நாத்தனார் பேரு போட வேணாமா தாத்தா?" என்று கேட்டாள். "கடைசியில போட்டுக்கலாம்மா. மொதல்ல அவ செஞ்சத எழுது" என்றேன்.

மாப்பிள்ளை லாரியோடு கவிழ்ந்து செத்துப்போன பிறகு நீ யார் கையையும் எதிர்பார்க்கவில்லை. மகளிர் குழுவில் கேக் செய்யக் கற்றுக்கொண்டாய், அந்த ஓவனை வாங்கினாய். கல்வராயன் மலைக் கரியாலூரிலிருந்து சாமை வரவழைத்து மாவரைத்து வெல்லம் போட்டு நீ செய்த கேக்கை வாங்க, ஊர்க்காரர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாசலில் நின்றார்கள். அந்த வாசனை தெருமுனை வரைக்கும் வரும்.

அப்போதுதான் உன் நாத்தனார் வந்தாள். மாப்பிள்ளையின் அக்காள். தாலி அறுத்த பெண் அடுப்பு பற்றவைத்து ஊருக்கு இனிப்பு கொடுக்கிறாள், தோஷம் என்று யாரோ சொன்னார்களாம். யார் சொன்னது? அவளேதான், வேறு யார்? எலுமிச்சம்பழமும் மிளகாயும் கம்பியில் கோர்த்துக் கொண்டுவந்திருந்தாள்.

"முன்னால கட்டினா வர்றவங்க, யாருக்கு தோஷம்னு கேப்பாங்க. பின்னால இருக்கட்டும்" என்று ஓவனை இழுத்து, முதுகில் காற்றுப் போகும் துளையில் கம்பியை நுழைத்துக் கட்டினாள். அமாவாசைக்கு அமாவாசை வந்து பழத்தை மாற்றிக்கொண்டும் போனாள். நீ தடுக்கவில்லை. புருஷன் பக்கத்து மனுஷி, மனசு நோகக் கூடாது என்றாய்.

அதற்கப்புறம்தான் கேக் வேகாமல் போக ஆரம்பித்தது. "எப்பவும் வெக்கிற நேரம்தான்பா வெக்கிறேன், நடுவுல மாவு மாவாவே இருக்குது" என்று நீ தட்டைத் தூக்கிக் காட்டினாய். கடையிலிருந்து ஒரு ஆள் வந்தான். உள்ளே பென்சில் மாதிரி நீட்டிக்கொண்டிருக்குமே ஒரு கம்பி, சூட்டை அளக்கும் சென்சார், அதன் ஒயரைப் பிடுங்கி மீட்டர் வைத்துப் பார்த்தான். "சென்சாரு நல்லா இருக்குதும்மா. ஒனக்குக் கை பழகல" என்று சொல்லி ஒயரைத் திரும்பச் சொருகிவிட்டுப் போனான். நீயும் அதை நம்பினாய்.

தை மாதம் உன் நாத்தனார் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளைப் பையனுக்குக் கேக் வெட்ட ஆசையாம். "பழம் கட்டியாச்சு, இனி ஒண்ணும் ஆகாது, நீயே செய்யி" என்றாள். கூடுதல் நேரம் வைத்து, பயந்து பயந்து செய்தாய். மண்டபத்தில் பையன் கத்தியை இறக்கினான். மேலே வெந்த தோல் பிளந்து, உள்ளேயிருந்து பச்சை மாவு தட்டில் வழிந்தது.

"இன்னா இது, கேக்கா கூழா?" என்றார் பையனின் பெரியப்பா. எல்லாரும் சிரித்தார்கள். அதுகூடப் போகட்டும். சமையல்கட்டு வாசலில் அந்தப் பெரியப்பா, சமையல் மாஸ்டர், தன் புருஷன், நான் எல்லாரும் நிற்க, உன் நாத்தனார் சொன்னாள்: "பழம் கட்டியும் நிக்கல பாரு. தாலி அறுத்த கை. அது தொட்டா எது வேகும்?"

அந்த நிச்சயம் நின்றா போனது? கல்யாணம் நடந்தது, பிள்ளையும் பிறந்தது. அவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. உன் வாசலுக்குத்தான் யாரும் வரவில்லை. ஓவன் மேல் பழைய புடவையைப் போட்டு மூடிவிட்டுக் கரும்பு வெட்டப் போனாய். காய்ந்த கரும்புச் சோகைக்குள் கிடந்த விரியன் கடித்தது. எல்லாரும் பாம்பைச் சொன்னார்கள். உன்னைக் கரும்புக் கொல்லைக்கு அனுப்பியது யார் என்று எவனாவது கேட்டானா?

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். எதிர்வீட்டு மிக்ஸி பார்க்கக் கள்ளக்குறிச்சியிலிருந்து யூசுப் என்று ஒரு மெக்கானிக் வந்தான். உன் ஓவனையும் பாரப்பா என்று கூப்பிட்டேன். தன் தெர்மாமீட்டரை உள்ளே வைத்து ஓடவிட்டான். ஓவன் நூற்று எண்பது என்று காட்டியது. அவன் தெர்மாமீட்டரில் நூற்று முப்பதுதான்.

"பொட்டி பொய் சொல்லுதுங்க. சூடு ஏறாமலே ஏறிடுச்சின்னு சூடு குடுக்கிற காயிலை அணைச்சிடுது" என்றான்.

சூடு ஏற ஏற அந்தச் சென்சாரில் கரண்டுக்கு எதிர்ப்பு கூடுமாம். அதைப் பார்த்துத்தான் பெட்டி சூட்டைக் கணக்குப் போடுமாம். ஆறவிட்டுச் சென்சாரை மட்டும் தனியாக அளந்தான். சரியாக இருந்தது. "இதோட மூடியிருந்தா நானும் ஓவன் நல்லா இருக்குன்னு சொல்லிக்கினு போயிருப்பேன்" என்று சிரித்துக்கொண்டே, ஒயரைச் சொருகி, ஒயரின் மறுமுனையிலிருந்து அளந்தான். எதிர்ப்பு ஏறிப்போய் நின்றது. அப்படியானால் சென்சாரிலும் இல்லை, பெட்டியிலும் இல்லை, நடுவில் சொருகுகிற இடத்தில்தான் கோளாறு. அந்தப் பிளக்கைப் பிடுங்கினான். பல்லெல்லாம் பச்சைக் களிம்பு. களிம்பு கூட்டிய எதிர்ப்பையும் அந்தப் பெட்டி சூடென்று நம்பியிருக்கிறது.

பின்மூடியைக் கவிழ்த்துத் தட்டினான். காய்ந்த கொட்டைகள் தரையில் உருண்டன.

"எலுமிச்சங்கொட்டைங்க. இது எப்படிங்க இதுக்குள்ள வந்துச்சு?"

நான் பின்மூடியின் துளையைக் காட்டினேன். அந்தத் துளையில் துருப்பிடித்த கம்பி இன்னும் தொங்கியது. சூட்டில் வெந்து வெடித்த பழம் ஒவ்வொன்றும் நேராக அந்தப் பிளக்கில்தான் சொட்டியிருக்கிறது. உன் கைக்குத் தோஷம் என்று கட்டினாளே, அந்தப் பழம்தான் உன் கேக்கை வேகவிடாமல் செய்தது.

யூசுப் புதுப் பிளக் போட்டுக் கொடுத்தான். பழையதை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். பெட்டி காட்டியதும் தெர்மாமீட்டர் காட்டியதும் ஒன்றாக நின்றன. நீ செய்யும்போது பார்த்தது எனக்கு மறக்குமா? சாமை மாவு, வெல்லம் எல்லாம் உன் அளவில் கரைத்து வைத்தேன். நடுவில் குச்சியைக் குத்தி எடுத்தேன். ஒட்டவில்லை கண்ணு.

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் உன் நாத்தனாரைப் பார்த்தேன். கொரோனாவில் அவள் புருஷனும் போய்விட்டான். அவள் பாழ் நெற்றியைப் பார்த்ததும், உன்னைச் சொன்ன அந்த வார்த்தை என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கடித்துக்கொண்டேன். இரக்கம் என்று நினைக்காதே. அவளை நான் அப்படிச் சொன்னால், உன்னை அவள் சொன்னது நியாயமாகிவிடும். அந்த வழியில் அவளைத் தப்பவிட மாட்டேன்.

"இன்னா மாமா, நல்லா இருக்கீங்களா? பேத்திக்குக் காதுகுத்து. அதே மண்டபம்தான். வந்துடுங்க."

"வரேன். கேக்கு எடுத்துக்கினு வரேன்."

அவள் முகம் சுருங்கியது. "கேக்கு இன்னாத்துக்கு மாமா?"

"நீ கட்டின பழத்துக்கு."

"எந்தப் பழம்?"

"வந்து சொல்றேன்" என்று பஸ் ஏறிவிட்டேன். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கியிருக்குமா?

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன் சுமதி. அந்த மண்டபத்தில், பந்தியில் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது, அவள் இலையில் முதல் துண்டை வைப்பேன். பக்கத்தில் அந்தப் பச்சைப் பிளக்கையும் வைப்பேன். பழம் கட்டியது நான், கெடுத்தது நான், சுமதி கை நல்ல கை என்று அவள் வாயால், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லவேண்டும். சொல்லாமல் அவளை எழுந்திருக்க விடமாட்டேன். அதுவரைக்கும் என் உயிர் போகாது.

சமையல்கட்டு வாசலில் அன்றைக்கு அந்த வார்த்தையைக் கேட்டு நின்ற முகங்களை எண்ணிப் பார்க்கிறேன். கூழா என்று சிரித்த பெரியப்பா போய்விட்டார். தலையைத் திருப்பிக்கொண்ட சமையல் மாஸ்டர் போய்விட்டார். பக்கத்தில் நின்று ஆமாம் போட்ட அவள் புருஷன் போய்விட்டான். நீயும் போய்விட்டாய். என்னை விட்டால் இன்னும் உயிரோடு இருப்பது ஒருத்திதான். எழுதிக்கொள் டீச்சர்: தனபாக்கியம்.

கைநாட்டு வைப்பது,
சுமதியைப் பெற்ற அப்பன்.