எனக்கு மட்டும் வராத செய்தி

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள். வாஷிங் மெஷின் ரிப்பேர்காரர் பதினொரு மணிக்கு வருவார். பால்கனிச் சாவி ஃபிரிட்ஜ் மேல்.

நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன். செவ்வாய்க்கிழமை, "உன் லினக்ஸும் உன்ன மாதிரிதான், யாரோடயும் ஒட்டாது" என்றாய். மறுநாள், டீ போட்டதும் அறிவிக்க நீ எழுதிய 'டீ ரெடி' புரோகிராமில், வீட்டிலுள்ள எல்லாக் கம்ப்யூட்டருக்கும் போகிற மாதிரி சமாதானச் செய்தி அனுப்பினாயாம். நான் பதிலே சொல்லவில்லையாம்.

காலையில் சோதித்துப் பார்த்தேன். உன் விண்டோஸிலிருந்து செய்தி ஒழுங்காகக் கிளம்புகிறது, என் லினக்ஸ் கம்ப்யூட்டர் வரை வந்தும் சேர்கிறது. என் ஃபயர்வால்தான் வாசலிலேயே விழுங்கியிருக்கிறது. சரி, திறந்துவிட்டேன். ஆனால் உன் புரோகிராம் செய்தி அனுப்பும் யூடிபி முறையில் போனது போனதுதான். சொல்லிவிட்டுப் போய்விடும், கேட்டதா என்று திரும்பிக்கூடப் பார்க்காது. உன்னை மாதிரியே.

மறுபடி அனுப்பு. வேண்டாம், ஆறு மணிக்கு வந்துவிடுவேன், வாயால் சொல்.

பி.கு: "தப்பு என்னோடதுதான், கோபம் வேண்டாம்." இதுதானே அந்தச் செய்தி? உன் அப்பாவின் கம்ப்யூட்டருக்கு ஒழுங்காக வந்திருக்கிறது. பிரின்ட் எடுத்து, மூக்குக்கண்ணாடிக் கூட்டில் மடித்து வைத்திருக்கிறார். "என் புள்ள ஒருவழியா எங்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டாம்மா" என்று காலையில் என்னிடம் காட்டினார். மூன்று நாளாக விசிலடித்துக்கொண்டு திரிவது அதனால்தான்.

அது எனக்கு அனுப்பியது என்று அவரிடம் சொல்லித் தொலைக்காதே.