செவ்வாயும் வெள்ளியும் மூன்று மணிக்கு

குயென்கா,
9 ஜூன் 2003, திங்கள்

அன்பு மகன் ரெனானுக்கு,

இந்தக் கடிதம் உன்னைச் சுகத்தோடும் நிரந்தர வேலையோடும் காணட்டும். இங்கே வீடும் நானும் நிமிர்ந்து நிற்கிறோம். கூரையின் ஒழுகலை அடைத்தாயிற்று, ஞாயிறன்று உன் அப்பாவின் கல்லறைக்குப் பூ வைத்தேன். சென்ற கடிதத்தில் நீ தேதி போடவில்லை, இனி போடு.

தொலைபேசியில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன். எனக்கு வலிப்பு வருகிறது. ஏப்ரலில் தொடங்கி ஐந்து முறை வந்துவிட்டது. மூளையில் பழைய சிறு தழும்பு ஒன்று இருக்கிறதாம். மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நான் உன் அழைப்பை எடுக்காமல், பிறகு இணைப்பு பழுது என்றேனே, அது பழுதில்லை. தொலைபேசிக்குப் பக்கத்திலேயே தரையில் கிடந்தேன். காலை ஆறு மணிக்கு ரொட்டி கொண்டுவரும் ஸொய்லாதான் பார்த்தாள். நாக்கைக் கடித்திருந்தேன். கெட்ட காற்று அடித்துவிட்டது என்று முட்டையாலும் அருவதா இலையாலும் என் உடம்பெல்லாம் தடவினாள், தடுக்க எனக்கு வலுவில்லை.

டாக்டர் பியேத்ரா உன்னைவிட இளையவள். எத்தனை மணிக்குப் படுக்கிறேன், எழுகிறேன், எப்போது வலிப்பு வருகிறது என்று நோட்டில் எழுதச் சொன்னாள். கோடு போட்டு எழுதினேன். ஐந்தும் செவ்வாய் அல்லது வெள்ளி விடியற்காலை. அந்த நாட்களில் மூன்று மணிக்கு என்ன வேலை என்று கேட்டாள். ஜெபம் என்றேன், நோட்டிலும் அப்படித்தான் எழுதியிருந்தேன். அவள் நம்பி மாத்திரையைக் கூட்டினாள். மாத்திரை மயக்கத்தில் இரண்டு வாரம் விசுவாசப் பிரமாண ஜெபத்தின் நடுவில் வார்த்தை தொலைத்து நின்றேன், வலிப்பும் நிற்கவில்லை. அடுத்த முறை ஸொய்லா துணைக்கு வந்தாள். "ஜெபத்தை ஏழு மணிக்கு மாத்திக்குங்க சென்யோரா, கடவுளுக்கு நேர வித்தியாசம் கிடையாது" என்றாள் டாக்டர். நான் தலையாட்டினேன். ஸொய்லா விடவில்லை. "இவங்க கும்பிடுற சாமி ஸ்பெயின்ல இருக்கு டாக்டரம்மா. அங்க காலைல பத்து மணிக்குத்தான் டெலிபோன் கடை திறக்குது, அப்போ நமக்கு மணி மூணு."

டாக்டர் சிரிக்கவில்லை. மூளைக்கும் வேளை உண்டு, தூக்கம் பாதியில் அறுந்தால் தழும்பு கிளர்ந்துவிடும், சிலருக்கு விடியலுக்கு முன்னான அந்த நேரமே போதும், மாத்திரை மட்டும் காப்பாற்றாது என்றாள். பத்திலிருந்து ஆறு வரை ஒரே தூக்கம், எல்லா நாளும். அடுத்த வலிப்பு அடுப்பின் முன்னாலோ படியிலோ வந்தால் ஸொய்லா வரும்வரை நான் இருக்கமாட்டேன் என்றும் சொன்னாள், மெல்லத்தான் சொன்னாள்.

நான் நான்கு மணிக்கே எழுவது கன்னியர் மடத்துப் பழக்கம் என்று உன்னிடம் சொன்னது பொய், ரெனான். மடத்தில் எங்களை ஐந்தரைக்குத்தான் எழுப்புவார்கள். அலாரம் வைத்து எழுந்து, முகம் கழுவி, தலை வாரி, சால்வை போர்த்திக்கொண்டு உட்காருவேன், என் குரலில் தூக்கம் தெரிந்தால் நீ அழைப்பை நிறுத்திவிடுவாய் என்று. மார்ச் கடைசியில் அங்கே கடிகாரத்தை முன்னே தள்ளினீர்கள், இங்கே நான்கு மணிக்கு வந்த உன் அழைப்பு மூன்று மணிக்கு வரத் தொடங்கியது. அதையும் நான் சொல்லவில்லை. வாரத்தில் என் பெயர் சொல்லி யாராவது கூப்பிடுவது அந்த இரண்டு தடவைதான் என்று இருக்கும்போது, எப்படிச் சொல்வது? உனக்கும் வேறு நேரம் இல்லை. பகல் பன்னிரண்டுக்குப் பொதி கட்டும் கூடத்துக்குள் வேலைக்குப் போனால் இரவு நீ வெளியே வருவதற்குள் கடையை மூடிவிடுகிறார்கள், ஞாயிறன்று அது திறப்பதேயில்லை.

எனவே இனி அழைக்காதே. அந்த இரண்டு நாளும் கடைக்கு நடக்கும் நேரத்தில் உட்கார்ந்து எனக்கு எழுது. என்ன சாப்பிட்டாய் என்பதை ஒழுங்காக எழுது, நன்றாகச் சாப்பிட்டேன் என்று ஒரே வரியில் ஏமாற்றாதே. நீயும் இரவு விழிப்பவன், தூக்கத்தைக் கடன் வைக்காதே.

கடிதம் வந்து சேரப் பன்னிரண்டு நாளாகும். அதுவரை செவ்வாயும் வெள்ளியும் ஸொய்லா கூடத்தில் படுத்துக்கொள்வாள். மணி அடித்தால் அவள் எடுத்து, "அம்மா தூங்குறாங்க, நல்லா இருக்காங்க, லெட்டர் வருது" என்று மட்டும் சொல்வாள். என்னைக் கூப்பிடக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். என் அறைக் கதவை வெளியிலிருந்து பூட்டிவிடுவேன் என்கிறாள், அவளுக்கு என்னைத் தெரியும். இதைப் படிக்கும்போது நீ அவள் குரலை மூன்று நான்கு தடவை கேட்டிருப்பாய். அவள் சொன்ன முதல் வார்த்தை, நான் தூங்குகிறேன் என்பது, ஒருமுறையாவது உண்மையாக இருந்திருக்க வேண்டும் என்று எனக்காக வேண்டிக்கொள்.

கன்னித்தாய் உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும். தேதி போட மறவாதே.

உன் அம்மா,
லெத்தீசியா, கிரெஸ்போவின் விதவை