ஏச்சு வாங்கிய ராசாவுக்கு

என் ஆசை அண்ணைக்கு,

நீங்கள் போன பிறகு வருகிற முதல் கோயில் பெருநாள் இது. நல்ல சேதி சொல்லத்தான் இருந்தேன். நீங்கள் கூத்தில் வைத்த ராசா முடி இப்போது என் பேரன் அருளின் தலையில். பிரான்சு தேசத்துப் புனித லூயி ராசாவாக இந்த முறை ஆடப்போவது அவன்தான். குரல் அப்படியே உங்களுடையது. ஒத்திகையில் கேட்டபோது என் நெஞ்சு நிமிர்ந்தது. ஆனால் இப்போது இருக்கிற ஆத்திரத்தில் அதை விரித்து எழுதக் கை வரவில்லை.

ராசாவை ஏசுகிற காட்சியை வெட்டிவிட்டார்கள், அண்ணை.

ராசா அரண்மனைப் படியால் இறங்கி வருவார். ஏழைக் கிழவி ஒருத்தி வழிமறிப்பாள். "நீயும் ஒரு ராசாவோ? பூசை வைக்கிற சாமிமாருக்கு மட்டுந்தான் நீ ராசா!" அதற்கு மேல் அவளுக்கு எழுதிவைத்த பாட்டு இல்லை. கிழவியாக வரும் சூசை மச்சான் என்னிடம் இரவல் வாங்கிய சேலையைச் சுற்றிக்கொண்டு, அந்த வருடம் ஊருக்கு என்ன குறையோ அத்தனையையும் கொட்டுவார். முன்வரிசைப் பெரியவர்கள் கதிரையில் நெளிவார்கள். நீங்கள் முடியைக் கழற்றிக் கையில் பிடித்துத் தலை குனிவீர்கள். "நீ சொல்லுறது சரியணை. இந்த இடத்துக்கு நான் பத்தாதவன்." எத்தனை பெண்கள் அப்போது கண்ணைத் துடைத்தார்கள்!

உங்கள் ராசாவோடும் எனக்குக் கோபம் உண்டு. கடவுளைப் பழித்தவர்களின் உதட்டில் சூடு வைத்தவர். யூதரின் நூல்களை வண்டி வண்டியாக எரித்தவர். சண்டைக்குக் கப்பலேறி எதிரியிடம் சிறைப்பட்டார். தாய் செத்ததைக்கூடத் தூரதேசத்தில் இருந்துதான் அறிந்தார். அப்படியும் அடங்காமல் மறுபடி கப்பலேறி, தூனிஸ் கரையில் நோய் வந்து செத்தார். இவரை எப்படிப் புனிதர் என்று கும்பிடுவது என்று சின்ன வயதில் கேட்டேன். என்ன சொன்னீர்கள்?

"அதுக்குத்தானடி அந்தக் கிழவி வாறாள்."

நேற்றுப் பெருநாள் கமிட்டித் தலைவரிடம் போனேன்.

"ஆச்சி, புனிதரை ஒரு பொம்பிளை ஏசினால் அவருக்கு மரியாதையோ? அவர் கப்பலேறுறதைப் பெரிசாக் காட்டப்போறம். கலர் லைற் எல்லாம் வருது."

"அதை விடும் தம்பி. முன்வரிசையில ஆர் இருக்கப்போகினம்?"

அவர் கழுத்தைச் சொறிந்தார். எனக்குத் தெரியாதா? காங்கேசன்துறைப் பக்கம் எங்கள் கரைக்கு, சண்டையில் இடம்பெயர்ந்த நாங்கள் திரும்பி வந்தும், வள்ளம் கட்டுகிற துறை இன்னும் இராணுவத்தின் முள்ளுக்கம்பிக்குள். அருளின் தகப்பன் அடுத்த ஊர்க் கரையில் இடம் கேட்டு வள்ளம் இழுக்கிறான். தேர்தலுக்குத் தேர்தல் வந்து "துறையை எடுத்துத் தருவன்" என்று கைகூப்புகிறாரே, அவர்தான் பிரதம விருந்தினர்.

"உங்களுக்குச் சரித்திரம் விளங்காதணை. நீங்கள் அஞ்சாம் வகுப்பு" என்று தலைவர் சிரித்தார்.

"ஓம், அஞ்சுதான். ஏசுறதுக்கு எத்தினையாம் வகுப்பு வேணும்?"

கப்பலேறுமுன் அந்த ராசா நாடு முழுக்க ஆள் அனுப்பி, தன் உத்தியோகத்தர் அநியாயமாகப் பறித்ததை விசாரித்துத் திருப்பிக் கொடுத்தார் என்று பாடுவீர்களே, அண்ணை. அந்தப் பாட்டையும் வெட்டியாயிற்று. கப்பல் மட்டும் போகிறது. நீங்களோ அந்தக் கம்பியைப் பார்த்தபடியே கண்ணை மூடினீர்கள். உங்களிடம் யார் வந்து விசாரித்தார்கள்?

சூசை மச்சான் படுத்த படுக்கை. அருள்தான் கொதித்துப்போய் வந்தான்.

"அம்மம்மா, படியால இறங்கேக்கை நான் நிப்பன். ஆரும் வராட்டி வெறும் வெளிக்கே முடியைக் கழட்டுவன். பிறகு கூத்திலயிருந்து என்னைக் கலைக்கிறதெண்டால் கலைக்கட்டும்."

"நீ நில்லு, ராசா. வெளி வெறுமையா இராது" என்றேன்.

அண்ணை, வாக்குத் தருகிறேன். இரவல் போய்ப் போய் நைந்த அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு பெண்கள் பக்கத்தில் இருப்பேன். அவன் முடியைக் கழற்றியதும் எழும்புவேன். பேரனைப் பார்த்துத்தான் ஏசத் தொடங்குவேன். பிறகு முன்வரிசைப் பக்கம் திரும்புவேன். அருள் தலை குனிவான், அது எனக்குத் தெரியும். துறையை எடுத்துத் தருவேன் என்றவர் குனிகிறாரா என்று நீங்கள் மேலேயிருந்து பாருங்கள்.

உங்களையும் ஒருநாளும் ஏசாமல் விடாத
உங்கள் தங்கச்சி