இரண்டு சீஃப் கெஸ்ட், ஒரு பொன்னாடை

அக்டோபர் 9, 1994, ஞாயிறு. ஃப்ரீமாண்ட்

காலை காபியோடு சண்டை. நவம்பர் எட்டு எலெக்‌ஷன். இந்த வீட்டில் ஓட்டு இருப்பது எனக்கு மட்டும்தான். போன வருஷமே கையைத் தூக்கி சத்தியம் பண்ணி நான் சிட்டிசன் ஆகிவிட்டேன். என் ஆத்துக்காரர் வாஞ்சி மட்டும் "இந்தியன் பாஸ்போர்ட்டை எப்படி விடறது ஜலஜா" என்று கிரீன் கார்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஓட்டுதான் இல்லை, அபிப்ராயத்துக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

"187-க்கு யெஸ் போடு" என்கிறார். பேப்பர் இல்லாதவர்களுக்கு ஆஸ்பத்திரி கிடையாது, அவர்கள் பிள்ளைகளுக்கு ஸ்கூல் கிடையாது, ஸ்கூல்காரர்களே விசாரித்துத் தகவல் கொடுக்கணும். கலிஃபோர்னியாவில் ஜனங்களே ஓட்டுப் போட்டு முடிவு பண்ணப்போகிற புதுச் சட்டம், நம்பர் 187. கவர்னர் வேணும் என்கிறார், பிரசிடென்ட் வேண்டாம் என்கிறார். "நாம எட்டு வருஷம் க்யூல நின்னு வந்தோம். குறுக்க வர்றவாளுக்கு நாம ஏன் அழணும்?" ரேஷன் கடையில் ஒருநாள்கூட க்யூவில் நின்றறியாத மனுஷன் பேசுகிற பேச்சு!

ஆனாலும் உண்மையைச் சொல்லணும். எனக்கும் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. நாமதான் லீகல் ஆச்சே, நமக்கென்ன?

அக்டோபர் 14

பிள்ளைகளை ஸ்கூலுக்கு யார் என்றைக்குக் காரில் கூட்டிப்போவது என்று கார்பூல் பேப்பர் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியாச்சு. திங்கள், புதன், வெள்ளி நான். செவ்வாய், வியாழன் ஸ்வர்ணா. என் அனன்யாவும் அவள் பையன் கௌசிக்கும் ஒரே கிளாஸ். பின் சீட்டில் ஓயாத யுத்தம். தமிழில் நான் அதட்டினால் "ஷி ஸ்டார்ட்டட் இட், ஆன்ட்டி!" என்று இங்கிலீஷில் பதில் வரும்.

அக்டோபர் 19

யாரிடமும் சொல்லக்கூடாது என்று ஸ்வர்ணா சத்தியம் வாங்கியிருக்கிறாள். டயரி அந்தக் கணக்கில் வராதே?

ஸ்கூல் பார்க்கிங் லாட்டில் ஸ்வர்ணா என் கார்க் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். "ஜலஜா, அடுத்த பேப்பர் எழுதும்போது டிசம்பருக்கு மேல என் பேரைப் போடாதே." ஏண்டி, வேற வீடு பாத்துட்டியா என்று கேட்டேன். அப்புறம்தான் கொட்டினாள். அவள் ஆத்துக்காரர் மணியன் வேலை பார்த்த கம்பெனி ஜனவரியில் மூடிவிட்டது. புதுக் கம்பெனியின் விசா பேப்பரை வக்கீல் நேரத்தில் போடாமல் கோட்டை விட்டுவிட்டான். இந்த நாட்டில் இருக்கிற ஸ்டேட்டஸே போய்விட்டது. "கவர்னரோட அந்த டிவி விளம்பரத்துல எல்லை தாண்டி ஓடறாளே, அந்த லிஸ்ட்லதான் இப்ப நாங்களும். கௌசிக்கை கிளாஸ்லேர்ந்து எழுப்பி வெளியில அனுப்பினா நான் தாங்கமாட்டேன். அதுக்கு முன்னாடி நாங்களே கிளம்பிடறோம்." ஜனவரி இரண்டுக்கு டிக்கெட் புக் பண்ணிவிட்டாளாம்.

எனக்கு வந்த கோபம் யார்மேல் என்றே தெரியவில்லை. வக்கீல்மேலா? கவர்னர்மேலா? பத்து நாள் முன்னால் காபி குடித்துக்கொண்டு "நமக்கென்ன" என்று நினைத்த என்மேலா?

அக்டோபர் 23

தமிழ்ச் சங்கம் தீபாவளி கமிட்டி மீட்டிங். சிரிப்பதா அழுவதா! தலைவர் சுந்தரராமன் பெருமையாக, "இந்த வருஷம் சீஃப் கெஸ்ட் நம்ம அசெம்பிளி மெம்பர் மிஸ்டர் டால்டன். ஒத்துண்டுட்டார்" என்றார். செக்ரட்டரி ஷ்யாமளா முகம் வெளுத்துவிட்டது. "சார், நான் மிஸஸ் ப்ரூவரைக் கூப்பிட்டுட்டேனே. அவாளும் ஒத்துண்டுட்டா." டால்டனை எதிர்த்து நிற்கிறவளே அந்த ப்ரூவர்தான். எலெக்‌ஷனுக்கு மூன்று நாள் முன்னால், ஒரே மேடையில், ரெண்டு சீஃப் கெஸ்ட்! கேட்காமல் கூப்பிட்டுவிட்டுத் பெயரைத் தட்டிக்கொண்டு போவதில் நம்மவர்களை மிஞ்ச ஆள் உண்டா?

ஒருவரையும் வேண்டாம் என்று சொல்லமுடியாது. கடைசியில் தீர்மானம்: ரெண்டு பேரும் சேர்ந்து குத்துவிளக்கு ஏற்றட்டும், ஆளுக்கு ஐந்து நிமிஷம் பேசட்டும். "ஆனா மேடையில அரசியல் கூடாது. 187-ங்கற நம்பரே யார் வாயிலயும் வரக்கூடாது" என்று சுந்தரராமன் என்னைப் பார்த்தே சொன்னார். வரவேற்புரை நான்தான்.

அக்டோபர் 28

ரெண்டு ஆபீஸுக்கும் ஃபோன் பண்ணிக் கேட்டேன், ஸ்கூல் பிள்ளைகள் விஷயத்தில் என்ன சொல்கிறீர்கள் என்று. டால்டன் ஆபீஸ்: "உங்களைப் போல உழைக்கிற, சட்டப்படி வந்த ஜனங்களுக்கு இதனால் ஒன்றும் இல்லை, மேடம்." ப்ரூவர் ஆபீஸ்: "மிஸஸ் ப்ரூவர் அதைப் படித்துக்கொண்டிருக்கிறார்." ஒரு மாசமாகப் படிக்கிறாளாம்! என் அனன்யா ஸ்பெல்லிங் லிஸ்டையே இரண்டு நாளில் முடித்துவிடுவாள்.

நவம்பர் 5, சனி

எங்கிருந்து ஆரம்பிப்பது! எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

பிள்ளைகள் படிக்கிற ஸ்கூல் ஹாலில்தான் விழா. முந்நூறு பேர். பிரின்ஸிபல் மிஸ் அல்வரெஸ் முதல் வரிசையில் ஜிலேபியைக் கையில் வைத்துக்கொண்டு. லோக்கல் பத்திரிகைக்காரர் ஒருவர் காமிராவோடு. ஐந்தாவது வரிசையில் ஸ்வர்ணா, மடியில் கௌசிக்.

பொன்னாடை ஒன்றுதான் இருந்தது. இரண்டாவது வாங்க எல்லாரும் மறந்தாச்சு. ஷ்யாமளா கண்ணில் ஜலம். சட்டென்று வாஞ்சி தோளில் இருந்த அங்கவஸ்திரத்தை உருவினேன். எங்கள் கல்யாணத்து அங்கவஸ்திரம், ஜரிகை மூன்று இன்ச். "ஏய், ஏய்!" என்றார். அதற்குள் அது டால்டன் தோளில், பொன்னாடை ப்ரூவர் தோளில்.

அப்புறம் என் வரவேற்புரை. நம் ஊர் மேடையில் விருந்தாளியை எப்படிப் புகழ்வோம்? செய்ததையும் சொல்வோம், செய்யாததையும் சொல்வோம். கொடைவள்ளல் என்போம், குணக்குன்று என்போம். வந்தவர் நெளிவாரே தவிர, இல்லை என்று ஒருநாளும் சொல்லமாட்டார். அதையே இங்கிலீஷில் செய்தேன். "இருவரும் வேறு வேறு கட்சி. ஆனால் மனசு ஒன்று. பள்ளிக்கூட வாசலில் நிற்கிற குழந்தையிடம் பேப்பர் கேட்பது பாவம் என்று நினைக்கிற பெரிய மனசு. அந்த மனசுக்குத்தான் இந்தப் பொன்னாடை!"

நம்பரைச் சொல்லவே இல்லை. கைதட்டல் ஹாலைப் பிளந்தது. மிஸ் அல்வரெஸ் எழுந்து நின்றே தட்டினாள்.

டால்டன் முகம் பார்க்கணுமே! ஜரிகையை இழுத்துவிட்டுக்கொண்டு இருமினார். கைதட்டுகிறவர்கள் முன்னால் "நான் அப்படி நினைக்கவில்லை" என்று எப்படிச் சொல்வது? "பள்ளிக்கூடம் குழந்தைகளுக்கானது என்று எப்போதுமே நம்புகிறவன் நான்" என்றார். ப்ரூவர் விடுவாளா? "டீச்சர் போலீஸ் இல்லை. என் தொகுதியில் எந்தக் குழந்தையிடமும் கேட்க விடமாட்டேன்" என்றாள். உடனே டால்டன் மைக்கை மறுபடி வாங்கி "நானும்தான்" என்றார். பத்திரிகைக்காரர் விழுந்து விழுந்து எழுதினார்.

ஸ்வர்ணா அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கு அது போதும்.

சுந்தரராமன் கொதித்துப்போய் வந்தார். "அரசியல் கூடாதுன்னேனே!" "நான் எங்க சார் அரசியல் பேசினேன்? புகழ்ந்தேன்." ஒரு வருஷத்துக்கு எனக்கு மைக் கிடையாதாம். சரி போ.

நவம்பர் 7

பத்திரிகையில் படத்தோடு வந்துவிட்டது. அங்கவஸ்திரத்தில் டால்டன் மாப்பிள்ளை மாதிரி இருக்கிறார். "அதைத் திருப்பித் தருவானா?" என்று வாஞ்சி நூறாவது தடவை கேட்டாச்சு. மத்தியானமே டால்டன் ஆபீஸிலிருந்து சங்கத்துக்கு ஃபோன், சார் சொன்னது தப்பாகப் புரிந்துகொள்ளப்பட்டதாம். ப்ரூவர் மறுபடி படிக்க ஆரம்பித்துவிட்டாளாம். தூ!

நவம்பர் 8

முதல் ஓட்டு. நோ.

நவம்பர் 9

187 ஜெயித்துவிட்டது, டால்டனும்தான். அனன்யா ஸ்கூல் பையை மாட்டிக்கொண்டு "இஸ் கௌசிக் இன் ட்ரபிள்?" என்று கேட்டாள். அவளுக்கு யார் சொன்னது? வாஞ்சி பேப்பரிலிருந்து தலையை எடுத்தார். என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. திறக்காததிலேயே புரிந்துகொண்டார் போலிருக்கிறது. பேப்பரை மடித்து வைத்தார். பிறகு, "அந்தப் பையனுக்கு நான்தானே டேபிள்ஸ் சொல்லித் தரேன்" என்றார், யாருக்கோ சொல்கிற மாதிரி.

நவம்பர் 10

ஸ்கூல்கள் இப்போதைக்குப் பிள்ளைகளிடம் பேப்பர் கேட்கக்கூடாது என்று ஸான் ஃப்ரான்ஸிஸ்கோ கோர்ட் உத்தரவாம். இப்போதைக்கு என்றால் எவ்வளவு நாள்? டிக்கெட்டைக் கான்ஸல் பண்ண ஸ்வர்ணா பயப்படுகிறாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மிஸ் அல்வரெஸிடம் போனேன். ஆபீஸ் கதவில் அந்தப் பத்திரிகைப் படம் ஒட்டியிருந்தது. டால்டன் சொன்ன வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு. "கேட்கச் சொல்லி யாராவது வந்தால் இதைக் காட்டுவேன். இவர்தானே சொன்னார்?" என்றாள்.

டிசம்பர் 15

ஃபெடரல் ஜட்ஜும் சட்டத்தில் முக்கால்வாசியை நிறுத்திவைத்துவிட்டார். மணியனுக்குப் புது வக்கீல் கிடைத்திருக்கிறார், கஷ்டம்தான், ஆனால் வழி இருக்கிறது என்கிறாராம்.

டைனிங் டேபிளில் வாஞ்சி சிட்டிசன்ஷிப் ஃபாரத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறார். என்ன திடீரென்று என்று கேட்டேன். "அந்த டால்டன்கிட்ட என் அங்கவஸ்திரத்தை வாங்கணும்னா ஓட்டு வேண்டாமா?" என்றார்.

டிசம்பர் 30

ஸ்வர்ணா வந்தாள். காபி வேண்டாம், அவசரம் என்றாள். நேராக ஃப்ரிட்ஜுக்குப் போய் பழைய பேப்பரைக் கிழித்துவிட்டு, தன் கையெழுத்தில் எழுதிக்கொண்டுவந்ததை ஒட்டினாள். ஜனவரி 1995. செவ்வாய், வியாழன்: ஸ்வர்ணா.