உறவு என்ற கட்டம்

ஆர்ச் கேட் பேருந்து நிறுத்தத்தில் இன்று காலை உங்கள் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியைப் பார்த்தேன், டாக்டர். பசை காயவில்லை. ‘ஏழைப் பெண்களின் தாய்’ என்று போட்டிருக்கிறார்கள். உங்களைப் பற்றி நான்கு பத்தி வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். முப்பது ஆண்டுகளாகச் செய்தி எழுதுகிறவள் நான். இறந்தவர்களைப் பற்றி நல்லதாக எழுதுவது எனக்குப் பழக்கம்தான். உங்கள் விஷயத்தில் அது வரவில்லை.

செல்வியை நீங்கள் மறந்திருப்பீர்கள். எங்கள் பிளாக்கில் வீட்டு வேலை செய்பவள். கணவன் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. இரண்டு பிள்ளைகளுக்கு மேல் முடியாது என்று உங்கள் மருத்துவமனையில் கருவைக் கலைத்தாள். துணைக்கு நான் வந்திருந்தேன். கிளம்புமுன் உங்களிடம் ஒன்றுதான் கேட்டாள்.

“அப்பிடியே காப்பர்-டி போட்டு வுட்டுடுங்க டாக்டரம்மா. இன்னொரு தபா ஒடம்பு தாங்காதுங்க.”

“புருஷன் கையெழுத்து இல்லாம போட மாட்டேன். செவ்வாக்கெழம அழைச்சிக்கினு வா.”

“அவரு ஷிப்டுக்குப் போவலன்னா வேற ஆளப் போட்டுடுவாங்கம்மா.”

“இதுக்கு மட்டும் அவனுக்கு நேரம் கெடைச்சுதாக்கும்?”

வார்டே சிரித்தது. செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். நானும் சிரித்தேன்.

அந்தக் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. வயது வந்த பெண்ணின் சம்மதமே போதும். அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

செவ்வாய்கள் போயின. கணவனுக்கு லீவு கிடைக்கவில்லை. மறுபடியும் கரு உண்டானபோது யாரிடமும் சொல்லாமல் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கினாள். ரத்தப்போக்கு நிற்காததால் அவளை ஆட்டோவில் உங்களிடமே தூக்கி வந்தேன். கர்ப்பப்பையை எடுத்தாக வேண்டும் என்றீர்கள். கணவன் சுரங்கத்தில், போன் போகவில்லை. அவளுக்கு நினைவில்லை. படிவத்தை என்னிடம் நீட்டினீர்கள்.

“நான் அவளுக்குச் சொந்தமில்லையே டாக்டர்.”

“யாரா இருந்தா என்ன? சீக்கிரம் போடுங்க.”

காப்பர்-டி போடக் கணவனேதான் வேண்டும். கர்ப்பப்பையை எடுக்கப் பக்கத்தில் நிற்கிற யாரும் போதும். அன்று நீங்கள் அவள் உயிரைக் காப்பாற்றினீர்கள், மறுக்கவில்லை. அந்த ஆபரேஷன் மேஜைவரை அவளைக் கொண்டுவந்ததும் நீங்கள்தான்.

உங்கள் பெயர், வயது, அடக்கம் நடக்கும் நேரம், இவ்வளவுதான் அலுவலகத்துக்குக் கொடுத்திருக்கிறேன்.

படிவத்தில் ‘உறவு’ என்ற கட்டத்தில் ‘அக்கா’ என்று எழுதினேன். அதுவரை என்னை மேடம் என்றவள், அதைக் கேள்விப்பட்டதிலிருந்து அக்கா என்கிறாள். அவள் அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் அன்றைய வார்டின் சிரிப்பு எனக்குக் கேட்கிறது. அதில் என் குரல் தனியாகத் தெரிகிறது.