பேருந்தும் என் வலது காலும்

9 ஏப்ரல் 2018, திங்கள்

காலையில் பேருந்தைக் கழுவினேன். பனி உருகுவதற்காகக் குளிர்காலத்தில் சாலையில் போட்ட உப்பு இன்னும் சக்கரங்களின் மேல் வளைவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முடித்துவிட்டு அலுவலகத்துக்குள் போனேன். ரோஸ்விதா என் காலைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"பூர்கி, இன்னொரு செருப்பு எங்க? தானம் பண்ணிட்டியா?"

வலது காலில் செருப்பு இல்லை. வாசலுக்கு வந்து பார்த்தால் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் கிடக்கிறது. அங்கிருந்து அலுவலகம் வரை ஈரத்தரையில் வெறும் காலுறையோடு நடந்து வந்திருக்கிறேன். நானும் சிரித்தேன். பதினொரு வருடமாகச் சுற்றுலா வண்டியில் அவள் வழிகாட்டியாக மைக்கில் பேசுகிறாள், நான் ஓட்டுகிறேன். அவள் சிரித்தால் நானும் சிரிப்பது பழக்கமாகிவிட்டது.

காலுறை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அது எனக்குத் தெரியவில்லை.

17 ஏப்ரல், செவ்வாய்

கிட்ஸ்ப்யூலுக்கு ஒருநாள் சுற்று. முப்பத்தெட்டுப் பேர். ஊருக்குள் சிவப்பு விளக்கில் நின்றோம். நின்றுவிட்டதாகத்தான் நினைத்தேன். முன்னால் இருந்த காரின் பின்பக்கம் மெல்ல மெல்லப் பெரிதானது. இவன் எதற்குப் பின்னால் வருகிறான் என்று யோசித்தேன். அவன் வரவில்லை. நான்தான் போய்க்கொண்டிருந்தேன். கால் பிரேக்கின் ஓரத்துக்கு நழுவியிருந்தது.

கைபிரேக்கை இழுத்தேன். ஒரு முழம் மிச்சம்.

"டிரைவரம்மா, அந்தக் காருக்கு முத்தம் குடுக்கப் போறீங்களா?" பின்னாலிருந்து ஒரு கிழவர். எல்லோரும் சிரித்தார்கள்.

பயம் வந்திருக்க வேண்டும். வரும் என்று சாயங்காலம் வரை காத்திருந்தேன்.

18 ஏப்ரல்

விடுமுறை. துணி துவைத்தேன்.

6 மே, ஞாயிறு

உருளைக்கிழங்கு வறுத்துக்கொண்டிருந்தேன். என் கணவன் வெண்டலின் சமையலறை வாசலில் வந்து நின்று தரையைப் பார்த்தான்.

"பூர்கி. ரத்தம்."

அடுப்பிலிருந்து மேசை வரை, மேசையிலிருந்து தொட்டி வரை, மறுபடி அடுப்பு வரை. நான் நடந்த இடமெல்லாம் சிவப்பு. காலையில் உடைந்த கண்ணாடித் தம்ளரின் சில்லு ஒன்று குதிகாலில் ஏறியிருந்தது. அவன் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, என் காலைத் தன் மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு, இடுக்கியைக் கொண்டுவந்தான். முப்பத்தாறு வருடம் மர அறுவை ஆலையில் இருந்தவன். சிராய் எடுப்பதில் கைகாரன். ஆலைச் சத்தம் அவன் கேட்கும் திறனில் பாதியை எடுத்துக்கொண்டது. பேச்சும் பாதியாகிவிட்டது.

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வலிக்குதா?"

"கொஞ்சம்."

"அதை எடுத்து ரெண்டு நிமிஷமாச்சு. சும்மா இடுக்கிய வெச்சிருக்கேன், அவ்வளவுதான்."

நான் எழுந்து உருளைக்கிழங்கைப் புரட்டப் போனேன். அடிப்பிடித்திருந்தது.

9 மே, புதன்

அவன் வெளியே போனதும் தையலூசியால் குத்திப் பார்த்தேன். இடது கால் — சுருக்கென்றது. வலது கால், கட்டைவிரலிலிருந்து கணுக்கால் வரை, யாருடைய காலையோ குத்துவது போல இருந்தது. கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் தெரிகிறது.

சர்க்கரை வந்து ஒன்பது வருடம். ஜனவரியிலேயே கால் மரத்துப்போகத் தொடங்கியிருந்தது. மாத்திரை போடுகிறேன், போட மறக்கிறேன். காலைக் காட்ட வா என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். போகவில்லை. போனால் எழுதிவிடுவார். எழுதினால் பேருந்து உரிமம் போய்விடும். நவம்பரில் எப்படியும் மருத்துவப் பரிசோதனை இருக்கிறது. அதுவரை ஓட்டலாம் — எதற்காக அதுவரை? ஓய்வுக்கு இன்னும் பதினெட்டு மாதம் இருக்கிறது என்று ஒரு கணக்கு. அது மட்டும் காரணமில்லை. வேறு என்ன காரணம் என்று யோசித்தால் ஒன்றும் வருவதில்லை. காலையில் எழுந்தால் ஓட்டப் போவேன். இருபத்தொன்பது வருடமாக அப்படித்தான்.

நேர் சாலையில் குனிந்து கால் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்கிறேன். தொடையும் முழங்காலும் மிச்சத்தைச் சொல்கின்றன. மெல்லிய அடிப்பாகம் உள்ள செருப்பு வாங்கியிருக்கிறேன். பிரயோஜனமில்லை.

28 மே, திங்கள்

முதலாளி கிலியன் ஜூன் மாதப் பயணப் பட்டியலைக் கொடுத்தான். அவன் அப்பா முதலாளியாக இருந்தபோது சேர்ந்தவள் நான். அவன் இன்னும் என்னை 'நீங்க' என்றுதான் சொல்கிறான்.

"பதினாலாம் தேதி முதியோர் சங்கம். க்ளாக்னர் மலைப்பாதை, அந்தப் பக்கம் ஹைலிகன்ப்ளூட், லியன்ஸ்ல சாப்பாடு, சுரங்கப்பாதை வழியா திரும்பி வரணும். அவங்க உங்க பேரைச் சொல்லித்தான் கேட்டாங்க."

முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவு. வளைவில் குனிந்து பார்க்க முடியாது.

"சரி" என்றேன்.

13 ஜூன், புதன்

ராத்திரிச் சாப்பாட்டில் வெண்டலின் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னான்: "நாளைக்கு நானும் வர்றேன்."

"எங்க?"

"உன் பஸ்ஸுல. சீட்டு போட்டாச்சு. உனக்குப் பின்னாடி சீட்டு."

கல்யாணமான நாளிலிருந்து அவன் என் பேருந்தில் சுற்றுலா வந்ததில்லை. நாலு வளைவு திரும்பினால் வாந்தி எடுப்பான். எதற்கு வருகிறாய் என்று நான் கேட்கவில்லை.  பாத்திரம் கழுவிவிட்டுப் படுக்கப் போகிறேன்.

14 ஜூன், வியாழன்

எங்கள் ஊர் குஃப்ஸ்டைனிலிருந்து ஏழு மணிக்குக் கிளம்பினோம். நாற்பத்திரண்டு பேர், வெண்டலினையும் சேர்த்து. ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு போட்டுக்கொண்டு, மடியில் ரொட்டிப் பையோடு எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். ரோஸ்விதா மைக்கில் அவனை விடவில்லை.

"இன்னைக்கு நம்ம வண்டியில ஒரு விசேஷம். டிரைவரம்மாவோட வீட்டுக்காரர் வந்திருக்காரு. பொண்டாட்டிய வேவு பாக்க வந்திருக்காருன்னு நினைக்கிறேன். ஒரு கை தட்டுங்க."

தட்டினார்கள். கண்ணாடியில் பார்த்தேன். அவன் தட்டியவர்களுக்குத் தலையாட்டினான்.

சுங்கச்சாவடி தாண்டி ஏற்றம். ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டர்தான் வேலை. தொடையை வைத்துச் சமாளித்துவிடலாம். முதல் ஐந்து வளைவு நன்றாகவே போனது. ஆறாவதில் மோட்டார் சைக்கிள்கள் கூட்டமாக இறங்கி வந்தன. பிரேக் போட்டேன். வண்டி உடனே கேட்கவில்லை. கால் எங்கோ போய்விட்டு வந்ததைப் போல ஒரு கணம். பிறகு கேட்டது. யாரும் கவனிக்கவில்லை. ரோஸ்விதா மலை அணிலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குப் பின்னால் காகிதப் பை சரசரத்தது. வெண்டலின் வாந்தி எடுத்தான். அதற்குப் பிறகும் இரண்டு தடவை. நிறுத்து என்று அவன் சொல்லவில்லை.

உச்சியில் வாகனங்கள் நிற்கும் மேட்டில் இருபது நிமிடம் படம் எடுக்க விட்டோம். நல்ல காற்று. எல்லோரும் தொப்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். வெண்டலின் இறங்கவில்லை. முகம் மாவு நிறத்தில் இருந்தது.

"எதுக்கு வந்த?" என்று கேட்டேன்.

"இவங்க யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டு நான் மட்டும் வீட்ல உக்காந்திருக்கிறதா?"

"கிலியன்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"அது நீ சொல்லணும்." வாயைத் துடைத்துக்கொண்டான். "நீ ஓட்டினா நான் உக்காந்திருப்பேன். கீழ போற வரைக்கும் ஒண்ணும் பேசமாட்டேன். பயப்படாத."

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.  கீழே பாதை தெரிந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக மடித்துப் போட்ட மாதிரி.

எல்லோரும் ஏறினார்கள். ரோஸ்விதா எண்ணினாள், கட்டைவிரலை உயர்த்தினாள். என்ஜினைப் போட்டேன். பிரேக்கை மிதித்துக்கொண்டு கியரைத் தள்ளப் போனேன். மிதித்துக்கொண்டுதான் இருந்தேன் — அப்போது என்ஜின் உறுமியது. குனிந்து பார்த்தேன். கால் ஆக்ஸிலரேட்டரில் இருந்தது. அங்கே இருப்பது எனக்குத் தெரியாது. பார்த்த பிறகும் பிரேக்கில் இருப்பது போலத்தான் இருந்தது.

என்ஜினை அணைத்தேன். சாவியை எடுத்து ரோஸ்விதாவின் மடியில் வைத்தேன்.

"என்ன?"

"நான் வண்டியக் கீழ ஓட்ட மாட்டேன். எனக்குக் கால் தெரியல."

"விளையாடாத பூர்கி."

"ஜனவரியிலிருந்து தெரியல."

அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். மைக்கை அணைத்துவிட்டு மெதுவாகத்தான் பேசினாள். "உனக்குப் பக்கத்துல உக்காந்திருக்கிறது யாரு? நான். முட்டினா முன் கண்ணாடியில மொதல்ல போய் விழறது யாரு? நான். ஜனவரியிலிருந்து தினம் காலையில எனக்குக் காபி வாங்கிக் குடுத்தியே. அப்பல்லாம் வாய் எங்க போச்சு?"

 

கிலியனுக்கு நானே ஃபோன் செய்தேன். அவன் கேட்டது ஒன்றுதான். "மேல வரைக்கும் நீங்கதான் ஓட்டிட்டுப் போனீங்களா?"

"ஆமா."

 இன்னொரு டிரைவர் கோரனை அனுப்புவதாகச் சொல்லி ஃபோனை வைத்துவிட்டான்.

இரண்டரை மணி நேரம் காத்திருந்தோம். பயணிகளிடம் நான்தான் சொன்னேன். ரோஸ்விதா மைக்கை என் பக்கம் தள்ளிவிட்டிருந்தாள். சிலர் பாவம் என்றார்கள். ஒருவர் லியன்ஸ் சாப்பாட்டுக்கு முன்கூட்டியே மான்கறி சொல்லிவைத்திருந்தார். அதை நான்கு தடவை சொன்னார். ஒரு அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்து, "ஏத்தும்போது தெரியலையா உனக்கு?" என்று கேட்டார். தெரிந்தது என்றேன். அவர் அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பவில்லை. அவர் கேட்டதுதான் சரி.

எல்லோரும் உணவகத்தில் கொழுக்கட்டை சூப் சாப்பிட்டார்கள். நான் வண்டியிலேயே இருந்தேன். வெண்டலின் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தான். வாங்கி வைத்துக்கொண்டேன்.

கோரன் வந்தான். இருக்கையைப் பின்னால் தள்ளிக்கொண்டான். இறக்கத்தில் வெண்டலினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு வளைவிலும் என் தொடை இறுகியது, இல்லாத பிரேக்கை மிதிக்க. வெண்டலின் இந்தத் தடவை வாந்தி எடுக்கவில்லை. தூங்கிவிட்டான். ஹைலிகன்ப்ளூட்டில் பதினைந்து நிமிடம்தான் கிடைத்தது. லியன்ஸில் நிற்கவே இல்லை.

15 ஜூன், வெள்ளி

கிலியன் கதவைச் சாத்திவிட்டுப் பேசினான். கத்தவில்லை.

"மார்ச்ல எங்கம்மா உங்க வண்டியில வந்தாங்க."

"ஞாபகமிருக்கு."

"நீங்க ஓட்டுறீங்கன்னுதான் அனுப்பினேன்."

சாவிக்கொத்தை மேசையில் வைத்தேன். பணிமனை, டீசல் தொட்டி, கழிப்பறை, எல்லாம் ஒரே வளையத்தில். அவன் அதைத் தொடவில்லை. வெளியே ரோஸ்விதா யாருடனோ தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். நான் கடந்து போகும்போது நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். காலில் கொப்புளம் போட்டிருக்கிறது. பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

2 ஜூலை, திங்கள்

டாக்டர் இரண்டு கிளையுள்ள அதிர்வுக் கம்பி ஒன்றைத் தட்டிக் கால்விரலில் வைத்தார். அதிருதா என்றார். இல்லை. இங்கே? இல்லை. கணுக்காலில்? ஏதோ. போன உணர்ச்சி திரும்பாது, மேலே ஏறாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். உரிமம் தரும் அலுவலகத்துக்கு எழுதிவிட்டார். வெண்டலின் என் கைப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டாக்டர் சொன்னதில் பாதி அவனுக்குக் கேட்டிருக்காது. வெளியே வந்து உரக்கச் சொன்னேன். தெருவில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"சரி" என்றான். "செருப்பு வாங்கப் போலாம். டாக்டர் சொன்ன மாதிரி செருப்பு."

19 ஜூலை

எட்டு மணி வரை தூங்கினேன். எழுந்து என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடி படுத்தேன்.

20 ஆகஸ்ட், திங்கள்

கடையில் ரோஸ்விதா. என்னைப் பார்த்ததும் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். பால் வாங்க மறந்து வந்தேன்.

22 செப்டம்பர், சனி

கிலியன் வீட்டுக்கே வந்தான். உட்காரவில்லை. முன்பதிவுக்கு ஃபோன் எடுக்கும் பெண் பிரசவ விடுப்பில் போகிறாளாம்.

"காலையில மட்டும். எந்த வண்டி எங்க போகுது, எந்த சீட்டுல வெயில் அடிக்கும், எல்லாம் உங்களுக்குத் தெரியும்." பிறகு சொன்னான்: "எனக்கு இன்னும் கோபம் போகல. அதையும் சொல்லிடறேன்."

"கோபம் போக வேண்டாம்" என்றேன்.

ரோஸ்விதா அதே அறையில்தான் இருப்பாள். 

4 அக்டோபர், வியாழன்

ஃபோன் எடுக்கும் வேலையில் நான்காவது நாள். ரோஸ்விதாவின் மேசை எனக்கு எதிரே. வணக்கம்கூடக் கிடையாது. தாள் ஏதாவது கொடுக்க வேண்டியிருந்தால் நடுவில் வைத்துவிடுவாள், நான் எடுத்துக்கொள்வேன்.

பதினொரு மணிக்கு ஒரு அம்மாள் கூப்பிட்டார், வோர்க்லிலிருந்து. பனி விழுந்து பாதையை மூடுவதற்குள் ஒரு தடவை க்ளாக்னர் போக வேண்டுமாம், தங்கையோடு.

"யாரு ஓட்டுறாங்க? பூர்கிதானே? பூர்கின்னா வர்றோம்."

"பூர்கி இப்ப ஓட்டுறதில்ல."

"ஐயோ. செத்துப்போயிட்டாளா?"

"இல்லம்மா. இருக்கா."

"அப்புறம் என்ன?"

ஓய்வு பெற்றுவிட்டாள் என்று சொல்லியிருக்கலாம். அதற்குத்தான் வாயைத் திறந்தேன்.

"அவளுக்குக் கால்ல உணர்ச்சி இல்ல. அது தெரிஞ்சும் அஞ்சு மாசம் யார்கிட்டயும் சொல்லாம ஓட்டியிருக்கா. ஜூன்ல நிறுத்திட்டா."

 எதிர் மேசையில் தட்டச்சு நின்றது.

"ஏப்ரல்ல நாங்க அவ வண்டியில போனோமே" என்றார் அந்த அம்மாள், மெல்ல.

"ஆமா. போயிருக்கீங்க. நான்தான் பூர்கி."

வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. மூச்சு விட்டார், தங்கையிடம் ஏதோ சொன்னார், கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"இப்ப ஓட்டுறவரு நல்லாருக்காரா?"

"கோரன். நல்லா ஓட்டுவாரு. நானே அவர் வண்டியில வந்திருக்கேன்."

"அப்ப ரெண்டு பேருக்குப் போடுங்க."

எழுதத் தொடங்கினேன்.  ரோஸ்விதா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"எந்தப் பக்கம் சீட்டுன்னு கேளு."

கேட்டேன். இடது பக்கம் வேண்டுமாம்.