மூடியில் ஒட்டிய முட்டைகள்

மருமகளுக்கு,

உன் மகள் என்னிடம் விட்டுப்போன மீன்தொட்டியில் நத்தை முட்டையிட்டது. "தண்ணிக்குள்ள தள்ளிடாதீங்க அப்பத்தா, செத்துரும்" என்று போனில் கெஞ்சினாள். மூடியில் ஒட்டியிருந்த கொத்தை மூன்று வாரம் காயாமல் பார்த்துக்கொண்டேன். கடுகளவு குஞ்சுகள் தண்ணீரில் இறங்கின. வெள்ளரிக்காயை வேகவைத்துப் போட்டு வளர்த்தேன்.

லீவுக்கு அவளை இங்கே அனுப்பமாட்டேன், சிறுவாச்சூரில் உன் அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்றாய். அவள் பிறந்தபோதும் மூன்று மாதம் எனக்கு முகம் காட்டாமல் அங்கேதான் வைத்திருந்தாய். நான் மறக்கவில்லை.

அன்றைக்கே தொட்டியைக் கோழிகள் முன்னால் கவிழ்த்தேன். ஒன்றும் மிச்சமில்லை.

நேற்று பிள்ளை, "குஞ்செல்லாம் பெருசாயிருச்சா அப்பத்தா?" என்று கேட்டாள். "உங்கம்மாதான்டி கொட்டச் சொன்னா" என்றேன். தேம்பித் தேம்பி அழுதாள். இங்கே வரவிடாமல் தடுத்தவளும் நீதானே, அப்படியே நம்பிவிட்டாள்.

உன் புருஷனைப் பெற்றவள்